சுற்றுச்சூழல் சுகாதாரத் தொழிற்பயிற்சி: பினாங்கு மாணவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

தொழிற்பயிற்சிக்கு இடம் தேடும்போது பலரும் முதலில் பார்ப்பது வீட்டுக்குப் பக்கத்தில் எது இருக்கிறது என்பதைத்தான். பெட்ரோல் காசு, பாலத்தில் ஜேம், எல்லாம் நியாயமான கவலைகள். ஆனால் முதல் வேலைக்கான நேர்முகத் தேர்வில் பேச உங்களிடம் இருக்கப்போவது அந்தச் சில மாத அனுபவம் மட்டுமே. மாவட்டச் சுகாதார அலுவலகமோ மாநகர் மன்றமோ என்றால் கொசு, உணவகம், அமலாக்கம். பிறை, பாயான் லெப்பாஸ் தொழிற்சாலை என்றால் இரசாயனம், இரைச்சல், தொழிலாளர் பாதுகாப்பு. இந்த இரண்டாவது பாதையைப் பலர் யோசிப்பதே இல்லை. 2024 ஜூன் 1 முதல் நடப்புக்கு வந்த தொழிலிடப் பாதுகாப்பு, சுகாதாரச் சட்டத் திருத்தத்தின்படி, பாதுகாப்பு அதிகாரி கட்டாயமில்லாத இடத்திலும் ஐந்து பேர் வேலை செய்தாலே ஒரு பாதுகாப்பு ஒருங்கிணைப்பாளர் இருக்க வேண்டும். ஆய்வில் நாட்டம் உள்ளவருக்கு மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்தின் கொசு ஆய்வுப் பிரிவும் பினாங்குத் தீவில்தான் இருக்கிறது.

சரி, இடம் கிடைத்துவிட்டது. அடுத்த தவறுதான் பெரியது: அதிகாரியின் பின்னால் டார்ச் பிடித்துக்கொண்டு நடப்பதோடு நிறுத்திக்கொள்வது. டிங்கி சோதனையையே எடுத்துக்கொள்வோம். 100 வீடுகளைப் பார்த்து, 4 வீடுகளில் மொத்தம் 12 பாத்திரங்களில் டிங்கியைப் பரப்பும் ஏடிஸ் கொசுவின் புழு இருந்தால், வீட்டுக் குறியீடு 4, பிரத்தோ குறியீடு (100 வீடுகளுக்குப் புழு உள்ள பாத்திரங்கள்) 12. ஏன் இரண்டு எண்கள்? முதலாவது எத்தனை வீடுகளில் பிரச்சினை என்று காட்டும். இரண்டாவது புழு வளரும் இடங்கள் எவ்வளவு அடர்த்தி என்று காட்டும். இதைக் கேட்டுத் தெரிந்துகொண்ட மாணவருக்கும் படிவத்தை மட்டும் நிரப்பியவருக்கும் உள்ள வித்தியாசம் நேர்முகத் தேர்வில் இரண்டே கேள்வியில் வெளிப்பட்டுவிடும். புகை அடித்தால் பறக்கும் கொசுதான் சாகும், தண்ணீரில் உள்ள புழு சாகாது. பூச்சாடித் தட்டில் ஒட்டிய முட்டை காய்ந்தாலும் மாதக்கணக்கில் தாக்குப்பிடிக்கும், அதனால் தண்ணீரைக் கொட்டினால் போதாது, தேய்த்துக் கழுவ வேண்டும். வீட்டுக்காரரிடம் இதை விளக்கத் தெரியாதவர் கையில் டார்ச் இருந்து என்ன பயன்?

சட்டத்தைப் படிக்காமல் போவதும் இதே வகைதான். வீட்டுக்குள் நுழையும் அதிகாரம் அந்த அதிகாரிக்கு 1975ஆம் ஆண்டின் நோய் பரப்பும் பூச்சிகள் ஒழிப்புச் சட்டத்திலிருந்து வருகிறது. பயிற்சி மாணவருக்கு அது கிடையாது. சட்டை மேல் அடையாள அட்டை தொங்குகிறது என்பதற்காக அபராதம் போடுவதாக மிரட்ட வேண்டாம்.

தமிழ் பேசத் தெரிவதை ஒரு திறனாகவே நினைக்காத மாணவர்கள் உண்டு. தைப்பூசத்தில் தண்ணீர்மலை அடிவாரத்துப் பந்தலில் சமைக்கும் அக்காவிடம் கையுறையையும் டைபாய்டு தடுப்பூசியையும் பற்றிப் பேசிப் பாருங்கள், எவ்வளவு உதவும் என்று தெரியும். அதற்காக மலாயை விட்டுவிட முடியாது, அறிக்கை எல்லாம் மலாயில்தான். இலக்கணம் தடுமாறினால் முதல் வாரத்திலிருந்தே பழைய அறிக்கைகளை வாங்கிப் படியுங்கள்.

பயிற்சிப் பதிவேட்டைக் கடைசி வாரத்தில் நண்பரைப் பார்த்து எழுதுவது பற்றி நான் சொல்லத் தேவையில்லை.

அப்புறம் கைப்பேசி. டிங்கி நோயாளியின் வீட்டு எண் தெரியும்படி படம் எடுத்து இன்ஸ்டாகிராமில் போட்டால், மேற்பார்வையாளர் நற்சான்றுக் கடிதம் எழுத மாட்டார். எழுதினாலும், யாராவது தொலைபேசியில் விசாரிக்கும்போது உண்மையைத்தான் சொல்வார்.