பாங்காக்கில் ரயிலிலும் படகிலும் பயணிப்பது எப்படி?

பாங்காக்குக்கு முதன்முறையாகச் செல்கிறவர்களில் பெரும்பாலோர் விலையைப் பார்த்து விடுதியை முன்பதிவு செய்துவிட்டு, போக்குவரத்தை அங்கே போய்ப் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிடுகிறார்கள். இந்த வரிசையைத் தலைகீழாக்க வேண்டும் என்பதே என் முதல் ஆலோசனை. மாலை வேளையில் சுகும்வித் சாலையில் இரண்டு கிலோமீட்டரைக் கடக்கக் காருக்கு அரை மணி நேரத்துக்கு மேல் ஆவது சர்வ சாதாரணம். அதே சாலைக்கு மேலே தூண்களில் ஓடும் ரயில் அந்தத் தொலைவைச் சில நிமிடங்களில் கடந்துவிடும். ஆகவே ரயில் நிலையத்திலிருந்து பத்து நிமிடத்துக்குள் நடந்து சேரக்கூடிய விடுதியை, இரவுக்குச் சற்றுக் கூடுதல் வாடகை கொடுத்தாவது, தேர்ந்தெடுங்கள். அந்தப் பணம் டாக்சிச் செலவு குறைவதிலேயே திரும்பிவிடும். மிச்சமாகும் நேரம் அதைவிடப் பெரிய லாபம்.

அடுத்து மனத்தில் பதிய வேண்டியது, பாங்காக்கின் ரயில்கள் ஒரே அமைப்பைச் சேர்ந்தவை அல்ல என்பது. சாலைக்கு மேலே ஓடும் பிடிஎஸ் ரயில் 1999 டிசம்பரிலும், நகர மையத்தில் நிலத்தடியில் ஓடும் எம்ஆர்டி ரயில் 2004 ஜூலையிலும், சுவர்ணபூமி விமான நிலைய ரயில் 2010 ஆகஸ்டிலும் தொடங்கின. தனித்தனியாக உருவானவை என்பதால் பயணச்சீட்டும் தனித்தனியே வாங்க வேண்டியிருக்கிறது. வரைபடத்தில் இரண்டு தடங்கள் ஒரே புள்ளியில் சந்திப்பதாகத் தெரிந்தாலும், நேரில் ஒரு நிலையத்தின் வாயிலைத் தாண்டி வெளியே வந்து, படியோ பாலமோ ஏறி இறங்கி, அடுத்த நிலையத்தில் புதிதாகக் கட்டணம் செலுத்தித்தான் உள்ளே போக வேண்டும். பெயர்களும் வேறுபடும். பிடிஎஸ்ஸின் அசோக் நிலையத்துக்குக் கீழே இருக்கும் எம்ஆர்டி நிலையத்தின் பெயர் சுகும்வித். பிடிஎஸ்ஸின் சாலா டேங்கை அடுத்திருப்பது எம்ஆர்டியின் சீலோம். பிடிஎஸ்ஸின் மோ சித்துக்குப் பக்கத்தில் இருப்பது எம்ஆர்டியின் சதுசக் பூங்கா. இந்த மூன்று இணைகளையும் நினைவில் வைத்துக்கொண்டால் நகரத்தின் பெரும்பகுதி கைக்கு எட்டிவிடும். பிடிஎஸ்ஸுக்குள்ளேயே வெளிர்பச்சை சுகும்வித் தடமும் அடர்பச்சை சீலோம் தடமும் சந்திக்கும் சியாம் நிலையத்தில் மட்டும் இந்தச் சிரமம் இல்லை. நடைமேடையின் ஒரு பக்கம் இறங்கி, எதிர்ப்பக்கம் நிற்கும் ரயிலில் ஏறிவிடலாம். மேல் தளமா கீழ்த் தளமா என்பதைப் பலகையைப் பார்த்து உறுதி செய்துகொண்டால் போதும்.

விமான நிலையத்திலிருந்து தொடங்குவோம். சுவர்ணபூமியில் இறங்கினால், ரயில் நிலையம் முனையக் கட்டடத்தின் அடித்தளத்திலேயே இருக்கிறது. எட்டு நிலையங்கள் கொண்ட இந்தத் தடத்தின் மறுமுனை பாயா தாய்; சுமார் அரை மணி நேரப் பயணம்; அதிகபட்சக் கட்டணம் 45 பாட் (தாய்லாந்து நாணயம்). பாயா தாயில் பிடிஎஸ்ஸுக்கு மாறலாம். அதற்கு முன்பே வரும் மக்காசானில் இறங்கினால் நடைபாலம் வழியாக எம்ஆர்டியின் பெட்சபூரி நிலையத்தை அடையலாம். தென்னிந்தியாவிலிருந்து செல்லும் மலிவுக்கட்டண விமானங்களில் சில டான் முவாங் என்ற பழைய விமான நிலையத்தில் இறங்குகின்றன. அங்கிருந்து 2021இல் வந்த சிவப்புத் தட ரயில் குருங் தேப் அபிவாத் மத்திய நிலையத்துக்குப் போகிறது. அங்கே எம்ஆர்டியின் பாங் சூ நிலையம் காத்திருக்கிறது. மோ சித் பக்கம் தங்குகிறவர்களுக்கு ஏ1 என்ற விமான நிலையப் பேருந்தும் வசதியானது. நள்ளிரவுக்கு மேல் இறங்குகிறவர்களுக்கு ரயில் கிடைக்காது. அவர்கள் விமான நிலையத்தின் அதிகாரபூர்வ டாக்சி வரிசையில் நின்று சீட்டு எடுத்துக்கொள்ள வேண்டும்; மீட்டர் தொகையுடன் விமான நிலையக் கூடுதல் கட்டணமாக 50 பாட்டும், விரைவுச் சாலையில் சென்றால் சுங்கமும் பயணியின் பொறுப்பு. இது ஏமாற்று அல்ல, நடைமுறை.

பயணச்சீட்டு வாங்குவதைச் சற்று விரிவாகச் சொல்கிறேன், ஏனெனில் புதியவர்கள் திகைத்து நிற்கும் இடம் அதுதான். பிடிஎஸ் நிலையங்களில் உள்ள பழைய இயந்திரங்கள் நாணயத்தை மட்டுமே ஏற்கும். இயந்திரத்தின் மேலுள்ள வரைபடத்தில் ஒவ்வொரு நிலையத்தின் பக்கத்திலும் கட்டணத்துக்கான எண் இருக்கும். அந்த எண்ணை அழுத்தி, காசைப் போட்டால், மெல்லிய அட்டை ஒன்று வெளியே வரும். கையில் நாணயம் இல்லாவிட்டால் பக்கத்திலுள்ள சாளரத்தில் நோட்டைக் கொடுத்துச் சில்லறை வாங்கிக்கொள்ளலாம். நோட்டை ஏற்கும் தொடுதிரை இயந்திரங்களும் இருக்கின்றன, ஆனால் அவற்றின் முன்னால்தான் வரிசை நீளமாக இருக்கும். எம்ஆர்டியில் அட்டைக்குப் பதிலாகக் கருப்பு நிறத்தில் வட்டமான பிளாஸ்டிக் வில்லை தருவார்கள். நுழையும்போது அதை வாயிலில் தொட்டுக்காட்ட வேண்டும், வெளியேறும்போது துளைக்குள் போட்டுவிட வேண்டும். கைக்குழந்தையுடன் செல்கிறவர்கள் அதைக் குழந்தையின் கையில் கொடுக்காமல் இருப்பது நல்லது.

மூன்று நாளுக்கு மேல் தங்குவதாக இருந்தால் பிடிஎஸ்ஸுக்குப் பணம் ஏற்றிப் பயன்படுத்தும் ராபிட் அட்டையை வாங்கிவிடுங்கள். பாஸ்போர்ட்டைக் காட்டிப் பதிவு செய்துதான் தருவார்கள், ஆகவே அதைக் கையில் எடுத்துச் செல்ல வேண்டும். அட்டையின் விலை திரும்பக் கிடைக்காது என்றாலும், ஒவ்வொரு முறையும் இயந்திரத்தின் முன்னால் நிற்காமல் போவது அந்த விலைக்குத் தகும். எம்ஆர்டியில் இந்தத் தொல்லையே இல்லை. தொட்டுச் செலுத்தும் வசதியுள்ள விசா அல்லது மாஸ்டர்கார்டு வங்கி அட்டையை நேரடியாக வாயிலில் காட்டி உள்ளே போகலாம். இதில் இரண்டு விஷயங்களைக் கவனிக்க வேண்டும். இந்திய வங்கி அட்டைகளில் வெளிநாட்டுப் பயன்பாடும் தொட்டுச் செலுத்தும் வசதியும் பெரும்பாலும் நிறுத்தி வைக்கப்பட்டிருக்கும் என்பதால், புறப்படும் முன்பே வங்கியின் செயலியில் இரண்டையும் திறந்துவைக்க வேண்டும். உள்ளே நுழைய எந்த அட்டையைக் காட்டினீர்களோ, வெளியேறவும் அதையே காட்ட வேண்டும். குடும்பத்தில் நால்வர் இருந்தால் ஒரே அட்டையைக் கைமாற்றி நால்வரும் போக முடியாது.

எம்ஆர்டியின் நீலத் தடம் ஒரு வளையமும் அதிலிருந்து மேற்கே நீளும் வாலுமாக அமைந்திருக்கிறது. அந்த வளையம் தன்னையே சந்திக்கும் நிலையம் தா பிரா. அங்கே ரயில் மாறும்போது எந்த முனையை நோக்கிச் செல்லும் நடைமேடை என்பதை நிதானமாகப் படித்துவிட்டு ஏறுங்கள். 2019இல் நீட்டிக்கப்பட்ட பகுதிதான் சுற்றுலாப் பயணிக்கு மிகவும் பயன்படுவது. சீனர் தெருவுக்கு வாட் மங்கோன் நிலையம், படுத்த நிலையில் இருக்கும் புத்தர் சிலை உள்ள வாட் போ கோயிலுக்குச் சனாம் சாய் நிலையம் என்று, அதுவரை ரயில் எட்டாத பழைய நகரம் அதன் மூலம்தான் எட்டியது. சனாம் சாய் நிலையத்தை அரண்மனை மண்டபம் போலத் தூண்களும் பொன்னிற வேலைப்பாடுமாகக் கட்டியிருக்கிறார்கள்; அவசரமாக வெளியேறாமல் ஐந்து நிமிடம் நின்று பார்க்கத் தகுந்த இடம். அங்கிருந்து அடுத்த நிலையத்துக்கு ரயில் சாவோ பிரயா ஆற்றுக்கு அடியிலுள்ள சுரங்கத்தில் செல்கிறது.

இத்தனை இருந்தும், பழைய நகரத்தைப் பார்க்க ரயிலைவிடப் படகே சிறந்தது என்று நான் உறுதியாக நம்புகிறேன். பிடிஎஸ்ஸின் சாபான் தாக்சின் நிலையத்தில் 2ஆம் எண் வாயில் வழியாக இறங்கினால் எதிரே சாத்தோன் படகுத்துறை. இங்கே நீலக்கொடி கட்டிய சுற்றுலாப் படகுக்கு ஆள் சேர்க்கிறவர்கள் முதலில் உங்களிடம் வருவார்கள். அது மோசமான படகு அல்ல, ஆனால் கட்டணம் அதிகம். உள்ளூர் மக்கள் வேலைக்குப் போக ஏறுவது ஆரஞ்சுக் கொடிப் படகு. எவ்வளவு தொலைவு சென்றாலும் அதில் 16 பாட் என்ற ஒரே கட்டணம்தான். படகு துறையை நெருங்கும்போது பின்புறம் நிற்கும் பணியாளர் விசிலை விதவிதமாக ஊதி ஓட்டுநருக்கு வழிசொல்வார். கயிற்றைச் சுற்றுவது, ஆட்களை இறக்குவது, ஏற்றுவது, கயிற்றை அவிழ்ப்பது எல்லாம் ஒரு நிமிடத்துக்குள் முடிந்துவிடும். ஆகவே இறங்க வேண்டிய துறைக்கு முந்தைய துறையிலேயே எழுந்து பின்பக்கம் வந்து நிற்க வேண்டும். நடத்துநர் நீளமான உலோகக் குழல் ஒன்றைச் சில்லறை குலுங்கக் கையில் ஆட்டிக்கொண்டு வருவார். அதற்குள்தான் காசும் சீட்டும் இருக்கும். துறைகளுக்கு எண்கள் உண்டு. சீனர் தெருவுக்கு என்5, வாட் போவுக்கு என்8 தா தியென், அரண்மனைக்கு என்9 தா சாங், காவ் சான் சாலைக்கு என்13 பிரா ஆதித். ரயில் நிலையமே அருகில் இல்லாத காவ் சான் பகுதியில் தங்குகிறவர்களுக்கு இந்தப் பிரா ஆதித் துறைதான் உண்மையான போக்குவரத்து மையம். தா தியெனிலிருந்து எதிர்க்கரையிலுள்ள வாட் அருண் கோயிலுக்குச் சில பாட் கட்டணத்தில் தோணி போய்வந்துகொண்டே இருக்கும். அரண்மனைப் பக்கம் யாராவது நெருங்கி வந்து இன்று அரண்மனை மூடியிருக்கிறது, வேறு கோயிலுக்கு அழைத்துப் போகிறேன் என்று சொன்னால், மறுமொழி சொல்லாமல் நுழைவாயில் வரை நடந்து சென்று நீங்களே பாருங்கள்.

ஆற்றைவிடத் துணிச்சல் வேண்டுவது சேன் சேப் கால்வாய்ப் படகு. தாய்லாந்து மன்னர் மூன்றாம் ராமாவின் ஆட்சியில், 1837க்கும் 1840க்கும் இடையில் போர்த் தேவைக்காக வெட்டப்பட்ட இந்தக் கால்வாய், இன்று நகரின் நெரிசலுக்குக் கிழக்கு மேற்காக ஒரு குறுக்கு வழியாக இருக்கிறது. கோயில் குன்றுக்கு அருகிலுள்ள பான்ஃபா துறையிலிருந்து பிரதுனாம் வந்து, அங்கே படகு மாறி, அசோக் பக்கம் வரை போகலாம். படகின் ஓரத்தில் கயிற்றால் இழுத்து உயர்த்தும் தார்ப்பாய் இருக்கும். எதிரே வேறொரு படகு வந்தால், படகின் ஓரத்தில் அமர்ந்திருக்கிறவர் கயிற்றை இழுத்துத் தண்ணீர் தெறிக்காமல் மறைக்க வேண்டும் என்பது எழுதாத விதி. அந்த இடத்தில் உட்கார்ந்தால் உங்களுக்கும் அந்தப் பொறுப்பு உண்டு. நடத்துநர் படகின் வெளி விளிம்பில் நடந்தபடியே காசு வாங்குவார், ஆகவே சிறு நோட்டுகளைத் தயாராக வைத்திருங்கள். சக்கர நாற்காலியில் செல்கிறவர்களுக்கும், முழங்கால் வலி உள்ள முதியவர்களுக்கும், பெரிய பெட்டி வைத்திருப்பவர்களுக்கும் இந்தப் படகை நான் பரிந்துரைக்க மாட்டேன். இருட்டிய பிறகு ஆற்றுப் படகையோ கால்வாய்ப் படகையோ நம்பித் திட்டமிடவும் கூடாது.

நடத்தை குறித்துச் சில சொற்கள். ரயிலில் உண்பதும் குடிப்பதும் கூடாது. டுரியான் பழத்தை எடுத்துச் செல்லவும் தடை உண்டு. எம்ஆர்டி நுழைவாயிலில் காவலர் பையைத் திறந்து காட்டச் சொல்வார். காலை எட்டு மணிக்கும் மாலை ஆறு மணிக்கும் நிலையத்தில் தேசிய கீதம் ஒலிக்கும்போது நடந்துகொண்டிருப்பவர்கள் எல்லாரும் அப்படியே நிற்பார்கள், நீங்களும் நில்லுங்கள். பிக்குகளுக்கென்று ரயிலில் இருக்கையும் படகில் நிற்கும் இடமும் ஒதுக்கியிருக்கிறார்கள். பெண்கள் அவர்களைத் தொடாமல் விலகி நிற்பது அங்குள்ள மரபு.

நிலையத்திலிருந்து விடுதிவரையுள்ள கடைசித் தொலைவுக்கு ஆரஞ்சு மேலங்கி அணிந்த மோட்டார் சைக்கிள் டாக்சிக்காரர்கள் தெருமுனைகளில் இருப்பார்கள். ஏறும் முன்பே கட்டணத்தைக் கேட்டுக்கொள்ளுங்கள், தலைக்கவசமும் கேளுங்கள். கிளைத் தெருவுக்கு அங்கே சோய் என்று பெயர். சுகும்வித் சாலையின் ஒரு பக்கம் ஒற்றைப்படை சோய்கள், மறுபக்கம் இரட்டைப்படை சோய்கள். 21ஆம் சோய் அசோக், 55 தோங் லோ, 63 ஏக்கமாய் என்பது தெரிந்தால் முகவரியைப் பார்த்ததுமே எந்த நிலையத்தில் இறங்குவது என்று சொல்லிவிடலாம்.

சீலோம் சாலையும் பான் சாலையும் சந்திக்கும் முனையில், தமிழர்கள் எழுப்பிய மாரியம்மன் கோயில் இருக்கிறது. வழி கேட்டால் வாட் கேக் என்று கேளுங்கள். பிடிஎஸ்ஸின் சுரசாக் நிலையத்தில் இறங்கிப் பான் சாலை வழியாக நடந்து சென்றுவிடலாம். விஜயதசமி இரவில் அம்மன் ஊர்வலத்துக்காகச் சீலோம் சாலையின் அந்தப் பகுதியை வாகனங்களுக்கு மூடிவிடுவார்கள். அன்று அந்தப் பக்கம் பேருந்தையோ டாக்சியையோ நம்பாமல் ரயிலில் வருவதே வழி.

பாங்காக்கிலிருந்து வேறு ஊருக்குப் போகிறவர்கள் பழைய ஹுவா லம்போங் நிலையத்துக்குச் சென்றுவிடாதீர்கள். சியாங் மாய் செல்லும் நெடுந்தொலைவு ரயில்கள் 2023 ஜனவரி முதல் குருங் தேப் அபிவாத் மத்திய நிலையத்திலிருந்தே புறப்படுகின்றன. எம்ஆர்டியில் பாங் சூவில் இறங்க வேண்டும். பட்டாயா பேருந்துக்கு ஏக்கமாய் நிலையத்தை அடுத்தே பேருந்து நிலையம் உள்ளது. வடக்கே செல்லும் பேருந்துகள் நிற்கும் மோ சித் பேருந்து நிலையமோ, பிடிஎஸ்ஸின் மோ சித் நிலையத்திலிருந்து பெட்டியுடன் நடக்க முடியாத தொலைவில் இருக்கிறது. அங்கிருந்து டாக்சி பிடிப்பதற்கும், நிலையத்துக்குள் நடைமேடையைத் தேடுவதற்கும் சேர்த்து ஒரு மணி நேரம் ஒதுக்கிக்கொள்ளுங்கள்.