வேலை குறைந்த மாதத்தில் வாடிக்கையாளரோடு கதைப்பது எப்படி?

கிளிநொச்சியில் வீட்டிலிருந்தபடி வெளிநாட்டுக் கடைகளுக்கு டிசைன் செய்து கொடுப்பது என் தொழில். ஒரு மாதம் மூச்சுவிட நேரமிருக்காது. அடுத்த மாதம் மின்னஞ்சலில் விளம்பரங்கள் மட்டும்தான் வரும். அந்த மாதிரி நேரத்தில் குரல் தளராமல் கதைக்க நான் செய்வதைப் புதிதாகத் தொடங்கியவர்களுக்காக எழுதுகிறேன்.

படி 1: பதிலைத் தயாராக வைத்திருங்கள்

சந்தியில் யாராவது "தம்பி, இப்ப வேலை ஒண்டும் இல்லையோ?" என்பார்கள். சிரித்துவிட்டுப் போகலாம். வாடிக்கையாளர் "பிசியோ?" என்று கேட்கும்போதுதான் கவனம் தேவை. பெரிய ஆள் மாதிரிக் காட்ட நான் ஒருமுறை "தலைக்கு மேல வேலை அண்ணை" என்றேன். "அப்ப சரி, உங்களுக்குக் கரைச்சல் தர விரும்பேல்லை" என்று அந்த ரொறன்ரோக் கடைக்காரர் வேறு ஆளிடம் கொடுத்துவிட்டார். அன்று என் கையில் ஒரு வேலையும் இல்லை!

இப்போது என் பதில் இதுதான்: "புதன்கிழமை தொடங்கலாம் அண்ணை. என்ன செய்யவேணும்?" பொய்யும் இல்லை, புலம்பலும் இல்லை. நாளைச் சொன்ன கையோடு வேலையைப் பற்றிக் கேட்டுவிட வேண்டும். நாலு தரம் சத்தமாகச் சொல்லிப் பாருங்கள். வீட்டில் ஒருமாதிரிப் பார்ப்பார்கள், பரவாயில்லை.

படி 2: பழைய வாடிக்கையாளருக்கு எழுதுங்கள்

"வேலை ஏதும் இருந்தால் தாங்கோ" என்பது கைமாற்றுக் கேட்பது போலிருக்கும். அவருடைய தேவையிலிருந்து தொடங்குங்கள். கார்த்திகையில் நான் அனுப்புவது இப்படி இருக்கும்:

"வணக்கம் அண்ணை. போன தைப்பொங்கலுக்கு உங்கடை கடைக்குப் போஸ்டர் செய்தனான். கோப்பு என்னட்டை இருக்கு. விலைகளை மாத்தினால் சரி, மூண்டு நாளில தரலாம். புது விலைப்பட்டியலை அனுப்புவீங்களோ?"

அவ்வளவுதான். இரவு ஏழரைக்கு அனுப்பினால் ரொறன்ரோவில் குளிர்கால நேரப்படி காலை ஒன்பது மணி.

படி 3: விலையை அல்ல, வேலையைக் குறையுங்கள்

காலபோக அறுவடையில் கடன்காரர் வாசலில் நிற்கிறார் என்று ஈரநெல்லை வயலிலேயே கொடுப்பவருக்குக் கிடைக்கும் விலை, காயவைத்து வைத்திருப்பவருக்குக் கிடைப்பதைவிடக் குறைவு. நம் அவசரத்தையும் ஆட்கள் மணந்து பிடித்துவிடுவார்கள். 50 டொலர் வேலையை 30க்கு இறக்கினால், வேலை பிடித்துத் தரும் இணையத்தளமான பைவர் (Fiverr) 20 வீதம் எடுத்தபின் கைக்கு வருவது 24தான். வாடிக்கையாளர் அடுத்த முறையும் 30தான் தருவார். அதனால் "30க்குப் போஸ்டர் மட்டும் செய்யலாம் அண்ணை, பேஸ்புக் படங்கள் இதுக்குள்ள வராது" என்று சொல்லுங்கள். சொல்லிவிட்டுப் பேசாமல் இருங்கள். அந்த அமைதிதான் கஷ்டம். நானே பல தடவை இடையில் வாயைத் திறந்து கெடுத்திருக்கிறேன்.

படி 4: காட்ட ஒன்றைச் செய்யுங்கள்

நீங்கள் வழமையாகத் தேநீர் குடிக்கும் கடையின் விலைப்பலகையை, முதலாளியிடம் கேட்டுவிட்டு, புதிதாக வடிவமையுங்கள். பழையது, புதியது இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் போடுங்கள். "மாதிரி வேலை" என்று கட்டாயம் எழுதுங்கள்.

படி 5: பதில் வராவிட்டால்

ஒரு கிழமை விட்டு இன்னொரு தடவை எழுதலாம். மூன்றாம் தடவை வேண்டாம். அடுத்தது சித்திரை வருசப்பிறப்புக்குத்தான்.