'டு' எங்கே, 'இங்' எங்கே: ஆங்கில முற்றாத வினைகளைக் கையாளும் முறை

ஆங்கில வாக்கியத்தில் ஒரு வினையைக் கண்டதும், அது காலத்துக்கு ஏற்ப மாறுகிறதா என்று முதலில் பாருங்கள். 'ஷி வான்ட்ஸ் டு ரைட்' என்பதை இறந்தகாலத்துக்குக் கொண்டுபோனால் 'வான்ட்ஸ்' மட்டுமே 'வான்டட்' ஆகும்; 'டு ரைட்' அசையாது. இப்படிக் காலத்துக்கு மாறாமல் நிற்கும் வடிவமே முற்றாத வினை. 'எழுத விரும்புகிறாள்', 'எழுத விரும்பினாள்' என்னும் நம் வாக்கியங்களில் 'எழுத' என்ற எச்சம் மாறாமல் நிற்பதும் இப்படித்தான்.

எந்த வடிவம் வர வேண்டும் என்பதை முன்னால் நிற்கும் வினையே தீர்மானிக்கிறது. வான்ட், ஹோப், டிசைட் ஆகியவை 'டு' கேட்கும். என்ஜாய், அவாய்ட், ஃபினிஷ் ஆகியவை 'இங்' கேட்கும். கேன், மஸ்ட் போன்ற துணைவினைகளுக்குப் பின் வெறும் வினையடி போதும். தனித்தனிப் பட்டியலாக மனப்பாடம் செய்வதைவிட, ஒவ்வொரு வினையையும் அதன் துணையோடு சேர்த்தே எழுதிப் பழகுவது நல்லது என்பேன்.

இரண்டையும் ஏற்று, பொருளை மாற்றிவிடும் வினைகளிடம்தான் மிகுந்த கவனம் தேவை. 'ஹி ஸ்டாப்ட் ஸ்மோக்கிங்' என்றால் அவர் புகைப்பதை நிறுத்தினார். 'ஹி ஸ்டாப்ட் டு ஸ்மோக்' என்றால் செய்துகொண்டிருந்ததை நிறுத்திவிட்டுப் புகைக்கத் தொடங்கினார். 'ரிமெம்பர் டு லாக் த டோர்' கதவைப் பூட்ட மறக்காதே என்கிறது. 'ஐ ரிமெம்பர் லாக்கிங் த டோர்' பூட்டியது நினைவிருக்கிறது என்கிறது.

கடிதங்களில் அடிக்கடி நேரும் பிழை 'லுக் ஃபார்வர்ட் டு மீட் யு' என்பது. அங்குள்ள 'டு' வினையோடு சேர்ந்ததல்ல; பெயருக்கு முன் வரும் முன்னிடைச்சொல் (பிரிபோசிஷன்). அதன்பின் 'த ஹாலிடேஸ்' என்று பெயர்ச்சொல்லை வைத்தாலும் வாக்கியம் நிற்கிறது என்பதே அதற்குச் சான்று. ஆகவே 'மீட்டிங் யு' என்றே எழுத வேண்டும்.