கல்லீரல் புற்றுநோயின் இரத்தக்குழாய் அமைப்பைப் படிக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

பயிற்சி மருத்துவர்கள் எழுதும் ஸ்கேன் அறிக்கைகளைத் திருத்தும்போது, எங்கள் தலைமுறை செய்த பிழைகளே அப்படியே திரும்பி வருவதைக் காண்கிறேன். அளவைத் தவறாகக் குறிப்பது, வலம் இடம் மாற்றி எழுதுவது போன்றவற்றை இங்கே விட்டுவிடுகிறேன். மறுமுறை படித்தாலே அவை தென்பட்டுவிடும்.

தமனிக் கட்டத்தின் நேரத்தைச் சரிபார்க்காமல் படிப்பது

இயல்பான கல்லீரலுக்கு ஏறத்தாழ முக்கால் பங்கு இரத்தம் குடலிலிருந்து வரும் போர்ட்டல் சிரை வழியாகவும், மீதி கல்லீரல் தமனி வழியாகவும் வருகிறது. கல்லீரல் செல்களிலேயே தோன்றும் ஹெபட்டோசெல்லுலர் புற்றுநோயோ வளர வளரத் தமனியையே பெரிதும் நம்பியிருக்கிறது. ஆகவே இரத்தக்குழாய்களைப் படத்தில் ஒளிரச் செய்யும் கான்ட்ராஸ்ட் மருந்தைச் செலுத்தியதும், அது தமனிகளை நிரப்பும் தமனிக் கட்டத்தில் கட்டி சுற்றியுள்ள திசுவைவிட ஒளிர்ந்து, பின்வரும் கட்டங்களில் மங்கிப்போகிறது. நோயறிதல் பெரிதும் இந்த இரண்டையுமே சார்ந்திருக்கிறது. ஆனால் அந்த ஒளிர்வு நன்றாகத் தெரிவது பிந்தைய தமனிக் கட்டத்தில்தான், அதாவது மருந்து செலுத்தத் தொடங்கியதிலிருந்து சுமார் 35 முதல் 40 விநாடிகளில். பத்து விநாடி முந்தினால்கூடக் கட்டி கண்ணுக்குத் தப்பிவிடலாம்.

வேறொரு மையத்தில் எடுத்த சி.டி. ஒன்றில், சிரோசிஸ் (தழும்பேறிச் சுருங்கும் நோய்) உள்ள கல்லீரலில் இருந்த சிறு முடிச்சைப் பற்றி, 'தமனிக் கட்டத்தில் ஒளிர்வு இல்லை, தீங்கற்ற முடிச்சாக இருக்கலாம்' என்று எழுதியிருந்தார்கள். பெருந்தமனி பளிச்சென்று இருந்தது. போர்ட்டல் சிரையில் மருந்தின் சுவடே இல்லை. அந்தப் படத்தை வைத்து ஒளிர்வு உண்டு என்றோ இல்லை என்றோ சொல்லவே முடியாது. சில மாதங்கள் கழித்துச் சரியான நேரத்தில் மீண்டும் எடுத்தபோது முடிச்சு தெளிவாக ஒளிர்ந்தது. அதற்குள் போர்ட்டல் சிரையின் கிளை ஒன்றினுள்ளும் நுழைந்திருந்தது. இதை நினைத்தால் இன்றும் எனக்கு ஆத்திரம் வருகிறது, ஏனெனில் சரிபார்க்க அரை நிமிடம்கூட ஆகாது: கல்லீரல் தமனி முழுதாக ஒளிர வேண்டும், போர்ட்டல் சிரையில் மருந்து வந்திருக்க வேண்டும், கல்லீரல் சிரைகளுக்கு இன்னும் வந்திருக்கக் கூடாது. இம்மூன்றும் பொருந்தாவிட்டால், 'ஒளிர்வு இல்லை' என்று எழுதாமல், 'இந்தக் கட்டம் மதிப்பிடத் தகுதியற்றது' என்று எழுதுங்கள். இதயம் பலவீனமானவர்களுக்கு இரத்த ஓட்டம் மந்தமாக இருக்கும் என்பதால், கடிகாரத்தை மட்டும் நம்பாமல், பெருந்தமனியில் மருந்தின் அடர்த்தியைக் கண்காணித்து ஸ்கேனைத் தொடங்கும் முறையையே பின்பற்றச் சொல்லுங்கள்.

ஒளிர்வதெல்லாம் கட்டி என்று எண்ணுவது

கல்லீரலின் விளிம்பை ஒட்டி, ஆப்பு வடிவில் தமனிக் கட்டத்தில் மட்டும் ஒளிர்ந்து, மற்றக் கட்டங்களில் சுற்றுப்புறத்தோடு கலந்துவிடுவது பெரும்பாலும் தமனிக்கும் போர்ட்டல் சிரைக்கும் இடையிலான குறுக்குப் பாதையே.

கடோக்ஸிடேட் எம்.ஆர்.ஐ.யில் தாமதமாக மங்குவதைக் கணக்கில் சேர்ப்பது

கடோக்ஸிடேட் என்ற இந்த எம்.ஆர்.ஐ. கான்ட்ராஸ்ட் மருந்தை இயல்பான கல்லீரல் செல்கள் உறிஞ்சிக்கொள்வதால், பிந்தைய கட்டங்களில் சுற்றுப்புறம் வெளுத்து, முடிச்சு மங்கியதுபோல் தோன்றும். ஆகவே லை-ராட்ஸ் (கல்லீரல் முடிச்சுகளைப் படத்தை வைத்து வகைப்படுத்தும் விதிமுறை) முறையில் மங்குதலைப் போர்ட்டல் சிரைக் கட்டத்தில் மட்டுமே பார்க்க வேண்டும்.

லை-ராட்ஸை எல்லோருக்கும் பயன்படுத்துவது

சிரோசிஸ், நாள்பட்ட ஹெபடைட்டிஸ் பி அல்லது ஏற்கெனவே இதே புற்றுநோய் ஆகியவற்றில் எதுவுமே இல்லாதவர்களுக்கு அது பொருந்தாது.

சிரை அடைப்பை வெறும் இரத்தக்கட்டி என்று முடிப்பது

அடைப்புக்குள்ளேயே ஒளிர்வு இருக்கிறதா என்று பார்க்காமல் அந்தச் சொல்லை எழுதாதீர்கள். ஒளிர்ந்தால் அது சிரைக்குள் வளரும் புற்றுநோய். சிகிச்சைத் திட்டமே மாறிவிடும்.

டேஸ் சிகிச்சைக்குப் பிறகு சி.டி.யை அப்படியே நம்புவது

டேஸ் என்பது கட்டிக்குச் செல்லும் தமனி வழியே மருந்தைச் செலுத்தி அதை அடைக்கும் சிகிச்சை. அதில் பயன்படும் லிப்பியோடால் என்ற எண்ணெய் தானே வெண்மையாகத் தெரிவதால், அதனடியில் உள்ள ஒளிர்வு மறைந்துவிடும். மருந்துக்கு முன் எடுத்த படத்தைக் கழித்துப் பார்க்கும் எம்.ஆர்.ஐ. இங்கே கூடுதல் உதவி. உதரவிதானத்தை ஒட்டிய கட்டியின் ஓர் ஓரம் மட்டும் சிகிச்சைக்குப் பின்னும் ஒளிர்ந்துகொண்டே இருந்தால், வலது கீழ் உதரவிதானத் தமனி தடித்திருக்கிறதா என்று பார்த்து, அதையும் அறிக்கையில் குறிப்பிடுங்கள்.