லிஃப்ட் போட்ட வண்டி நெடுஞ்சாலையில் உதறுகிறதா? காரணத்தைக் கண்டுபிடிக்கும் முறை

தரையிலிருந்து உயரத்தைக் கூட்டும் லிஃப்ட் கிட் போட்டு, 33 அங்குல மட் டயர் மாட்டிய வண்டி காட்டுப் பாதையில் எந்தக் குறையும் காட்டாது. நெடுஞ்சாலையில் 80, 90 தொட்டதும் ஸ்டியரிங் நடுங்கும். இல்லையென்றால் காலுக்கடியில் ஒரு ரீங்காரம் கிளம்பும். பலர் முதலில் செய்வது, ஸ்டியரிங்கின் ஆட்டத்தைத் தணிக்கும் டேம்பரை மாற்றுவது. கொஞ்ச நாள் அடங்கினாற்போல இருக்கும், பிறகு பழைய கதைதான். டேம்பர் உதறலை அமுக்கி வைக்குமே தவிர, உதறலை உண்டாக்காது. வேகம் ஏற ஏற வரும் அதிர்வுக்குப் பின்னால் சுற்றுகிற பாகம் ஒன்று இருக்கும். அது டயரா, ப்ரொப்பெல்லர் ஷாஃப்ட்டா (சுழற்சியை ஆக்ஸிலுக்குக் கொண்டுபோகும் குழாய்), இன்ஜினா என்று தெரியும்வரை எந்தப் பாகமும் வாங்க வேண்டாம்.

தேவையான கருவிகள்: ஜாக், இரண்டு ஆக்ஸில் ஸ்டாண்டு, சக்கரத்துக்கு அடைக் கட்டைகள், டார்க் ரெஞ்ச், கோணம் அளக்கும் டிஜிட்டல் மீட்டர், டேப், சாக்பீஸ், பெயின்ட் மார்க்கர். கூட ஓர் ஆள் இருந்தால் வேலை பாதியாகும்.

படி 1: முதலில் கழுவுங்கள்

சேற்றில் போய் வந்த வண்டியென்றால் ரிம்மின் உள்பக்கத்தைக் குனிந்து பாருங்கள். அங்கே காய்ந்து ஒட்டிய ஒரு கைப்பிடிச் சேறு நூறு, இருநூறு கிராம் இருக்கும். சக்கரத்தின் எடையைச் சமன் செய்யும் பேலன்சிங் மெஷின் ஐந்து கிராம், பத்து கிராமுக்கு மெனக்கெடுகிறது என்பதை நினைத்துக்கொண்டால் அந்தச் சேறு என்ன செய்யும் என்று புரியும். நான்கு ரிம்மையும் உள்ளும் புறமும் சுரண்டிக் கழுவுங்கள். ஒட்டும் வகை எடைத் துண்டு பெயர்ந்து போயிருந்தால், அது இருந்த இடத்தில் பசைத் தடம் தெரியும்.

அப்படியே ஷாஃப்டையும் துடைத்துப் பாருங்கள். கல் மோதிய பள்ளம், சுற்றிக்கொண்ட கம்பி, கொடி எதுவும் இருக்கக் கூடாது. குழாயின் மேல் சிறு இரும்புத் தகடு வெல்டு பிடித்திருக்கும். அது ஷாஃப்டின் பேலன்ஸ் எடை. தகடு இல்லாமல் வெல்டுத் தழும்பு மட்டும் இருந்தால் எடை விழுந்துவிட்டது.

பாதைக்காகக் குறைத்த காற்றை நான்கு டயரிலும் சமமாக நிரப்புங்கள். பல நாள் நின்ற வண்டியில் டயரின் அடிப்பாகம் தட்டையாகியிருக்கும். இருபது கிலோமீட்டர் ஓடி டயர் சூடான பிறகு வரும் அதிர்வைத்தான் கணக்கில் எடுக்க வேண்டும்.

படி 2: எப்போது வருகிறது என்று எழுதுங்கள்

டயர் அளவு மாறிய வண்டியில் ஸ்பீடோமீட்டரை நம்பாதீர்கள். 29 அங்குலத்துக்குப் பதில் 33 போட்டு, மீட்டரைத் திருத்தாமல் விட்டிருந்தால் அது 88 என்று காட்டும்போது வண்டி 100-இல் போகும். போனில் ஜிபிஎஸ் வேகத்தை வைத்துக்கொள்ளுங்கள். நேரான, காலியான சாலையில், பக்கத்தில் இருப்பவர் குறிப்பெடுக்க, நீங்கள் ஓட்டுங்கள்.

1. மெதுவாக வேகம் ஏற்றி, அதிர்வு தொடங்கும் வேகம், உச்சத்துக்குப் போகும் வேகம், அடங்கும் வேகம் மூன்றையும் குறியுங்கள்.
2. உச்ச வேகத்தில் ஆக்சிலரேட்டரை லேசாக அழுத்துங்கள். பிறகு காலை எடுங்கள். எதில் கூடுகிறது, எதில் குறைகிறது?
3. அதே வேகத்தில் நியூட்ரலுக்கு மாற்றி வண்டியை உருள விடுங்கள். சாவியைத் திருப்பி இன்ஜினை அணைத்துவிடாதீர்கள்; பவர் ஸ்டியரிங்கும் பிரேக் உதவியும் போய்விடும்.
4. ஒரு கியர் குறைத்து அதே வேகத்தில் ஓட்டுங்கள்.
5. லேசாக பிரேக் பிடித்துப் பாருங்கள்.
6. நிறுத்திய பிறகு நியூட்ரலில், அதிர்வு வந்தபோது இருந்த அதே இன்ஜின் சுற்றுக்கு ஏற்றிப் பாருங்கள்.

நின்ற இடத்திலும் அதிர்ந்தால் இன்ஜின், அதன் மவுன்ட், கிளட்ச் பக்கம் போக வேண்டும். கியரை மாற்றியும் அதே வேகத்தில் அதே அதிர்வு என்றால் இன்ஜினை விட்டுவிடலாம். பிரேக் பிடிக்கும்போது மட்டும் வந்தால் டிஸ்க். ஆக்சிலரேட்டரின் அழுத்தத்துக்கு ஏற்ப மாறினால் ஷாஃப்டின் கோணம் அல்லது யூ-ஜாய்ன்ட் (ஷாஃப்டின் முனையில் மடங்கிக்கொடுக்கும் இணைப்பு) மேல் சந்தேகம் வலுக்கும். எதைச் செய்தாலும் மாறாமல் வேகத்தோடு மட்டும் ஏறி இறங்கினால் டயர், ரிம்.

85-இல் வந்து 105-இல் மறையும் உதறல் தானாகச் சரியாகிவிட்டதாக நினைக்க வேண்டாம். சக்கரம் சுற்றும் எண்ணிக்கை ஆக்ஸிலும் சஸ்பென்ஷனும் இயல்பாகத் துள்ளும் எண்ணிக்கையோடு ஒத்துப்போகும் இடத்தில் நடுக்கம் பெரிதாகும். அதைத் தாண்டினால் தணியும். குறை அப்படியேதான் இருக்கும்.

படி 3: ஒரு சின்னக் கணக்கு

இதைப் பெரும்பாலானோர் தவிர்க்கிறார்கள். அரை நாள் வேலையை மிச்சப்படுத்துவது இதுதான்.

டயரில் சாக்பீஸால் ஒரு கோடு போட்டு, வண்டியை ஒரு முழுச் சுற்று உருட்டி, தரையில் தூரத்தை அளந்துகொள்ளுங்கள். 33 அங்குல டயர் வண்டியின் பாரத்தோடு ஏறக்குறைய 2.55 மீட்டர் உருளும். மணிக்கு 90 கி.மீ. என்பது விநாடிக்கு 25 மீட்டர். 25-ஐ 2.55-ஆல் வகுத்தால் விநாடிக்குச் சுமார் 10 சுற்று, அதாவது 10 ஹெர்ட்ஸ். டிஃபரன்ஷியல் விகிதம் (சக்கரம் ஒருமுறை சுற்ற ஷாஃப்ட் எத்தனை முறை சுற்றுகிறது என்பது) 4.10 என்றால் ஷாஃப்ட் விநாடிக்கு 40 முறை சுற்றும், நிமிடத்துக்கு 2,400. யூ-ஜாய்ன்ட் கோணத்தால் வரும் அதிர்வு ஒரு சுற்றுக்கு இரண்டு முறை, ஆகவே 80 ஹெர்ட்ஸ்.

கைக்கும் காதுக்கும் இந்த மூன்றும் வேறு வேறாகத் தெரியும். 10 ஹெர்ட்ஸ் என்பது கண்ணால் பார்க்கக்கூடிய ஆட்டம்: ஸ்டியரிங் இடமும் வலமும் துடிக்கும், சீட் குலுங்கும். 40 என்பது தரையிலும் கியர் லீவரிலும் வரும் விறுவிறுப்பு. கண்ணாடியில் பின்னால் வரும் வண்டி மங்கலாகும். 80 என்பது காதை அடைக்கும் ரீங்காரம்.

போனில் ஹெர்ட்ஸ் காட்டும் ஆப்களை சீட்டின் இரும்புச் சட்டத்தில் அழுத்தி வைத்துப் பார்க்கலாம். ஆனால் விநாடிக்கு 100 முறை அளவெடுக்கும் ஆப், 50 ஹெர்ட்ஸுக்கு மேற்பட்டதைச் சரியாகக் காட்டாது. 80-ஐ 20 என்று காட்டும். பத்து அளவில் வரும் டயர் அதிர்வுக்கு அது போதும், யூ-ஜாய்ன்டுக்கு உதவாது.

படி 4: 10 ஹெர்ட்ஸ் வந்தால் சக்கரம்

ஸ்டியரிங்கில் தெரிந்தால் பெரும்பாலும் முன் சக்கரம், சீட்டில் தெரிந்தால் பின் சக்கரம். உறுதிப்படுத்த முன்னதைப் பின்னுக்கு மாற்றிப் போடுங்கள். ஒரு திசையில் மட்டும் ஓடும் டயரென்றால் அதே பக்கத்திலேயே மாற்றுங்கள். உதறல் ஸ்டியரிங்கிலிருந்து சீட்டுக்கு இடம் மாறினால் குற்றவாளி அந்த ஜோடியில்தான்.

பேலன்சிங்குக்குப் போகும்போது ஒன்றைக் கேளுங்கள்: ரிம்மை நடு ஓட்டையில் கூம்பு வைத்துப் பிடிக்கிறார்களா, நட் ஓட்டைகளில் தட்டு வைத்துப் பிடிக்கிறார்களா? வெளியில் வாங்கிப் போடும் ரிம்களில் நடு ஓட்டை ஹப்பை (சக்கரம் மாட்டும் நடுப்பாகத்தை) விடப் பெரிதாக இருப்பது சகஜம். அத்தகைய ரிம் வண்டியில் நட்களை வைத்துத்தான் நடுவாகிறது. மெஷினில் கூம்பை வைத்துச் சுற்றினால், மெஷினில் சுழியம் காட்டிய சக்கரம் வண்டியில் உதறும்.

ஒரு சக்கரத்துக்கு 200 கிராமுக்கு மேல் எடை கேட்டால் எடையை ஒட்டிக்கொண்டே போக வேண்டாம். காற்றை இறக்கி, ரிம்மில் டயரை 180 டிகிரி திருப்பி ஏற்றச் சொல்லுங்கள். பாதிக்குப் பாதி குறைவது உண்டு.

பேலன்ஸ் சரியாக இருந்தும் டயர் வட்டமாக இல்லாமல் போகலாம். ஆக்ஸிலை ஸ்டாண்டில் நிறுத்தி, ட்ரெட்டின் நடுவுக்கு அருகே அசையாத ஒரு கம்பியை வைத்து, சக்கரத்தைக் கையால் மெல்லச் சுற்றுங்கள். இடைவெளி 1.5 மி.மீ.க்கு மேல் கூடிக் குறைந்தால் டயர், ரிம் இரண்டில் ஒன்று கோணல். ரிம்மின் விளிம்பையும் அதேபோல் பாருங்கள்; அங்கே 1 மி.மீ. தாண்டினாலே ரிம் வளைந்திருக்கிறது. ட்ரெட் கட்டைகளை உள்ளங்கையால் தடவும்போது ஒரு திசையில் வழுக்கி, எதிர்த் திசையில் ரம்பம்போல் உறுத்தினால் தேய்மானம் சீரில்லை. அதை எந்தப் பேலன்சிங்கும் சரிசெய்யாது. பின்னுக்கு மாற்றி, சத்தத்தோடு வாழ வேண்டியதுதான்.

ஹப்புக்கும் ரிம்முக்கும் நடுவே ஸ்பேசர் தகடு போட்டிருந்தால் கழற்றி, ஹப்பின் முகத்தைக் கம்பி பிரஷ்ஷால் துடையுங்கள். நடுவில் சிக்கிய துரு ஒரு தாள் கனம் இருந்தாலும் சக்கரம் சாய்ந்து சுற்றும். நட்டின் இருக்கை கூம்பா, உருண்டையா, தட்டையா என்று ரிம்மோடு ஒப்பிடுங்கள். மாறிப் போனால் நட் இறுகியதுபோல் தோன்றும், ஆனால் சக்கரம் நடுவில் உட்கார்ந்திருக்காது. சக்கரம் தரையைத் தொடாத நிலையில், நட்சத்திர வரிசையில், இரண்டு கட்டமாக இறுக்குங்கள். கடைசி இறுக்கம் கையேட்டில் உள்ள அளவுக்கு டார்க் ரெஞ்சால்.

படி 5: 40, 80 வந்தால் ஷாஃப்ட்

யூ-ஜாய்ன்ட் மடங்கிய நிலையில் சுற்றும்போது அதன் மறுமுனை ஒரே சீராகச் சுற்றாது. ஒவ்வொரு சுற்றிலும் இரண்டு முறை விரைந்து, இரண்டு முறை தயங்கும். மறுகோடியில் உள்ள ஜாய்ன்ட் அதே அளவு எதிர்மாறாகச் செய்து அதைச் சமன் செய்கிறது. இதற்கு இரண்டு நிபந்தனைகள்: இரண்டு கோணமும் சமம், இரண்டு யோக்கும் (ஜாய்ன்டைப் பிடிக்கும் கவை) ஒரே நேர்க்கோட்டில். லிஃப்ட் போட்டதும் கெடுவது முதல் நிபந்தனை. ஷாஃப்டைக் கழற்றி, பல் வெட்டிய செருகு முனையான ஸ்ப்ளைனில் ஒரு பல் தள்ளிச் செருகினால் கெடுவது இரண்டாவது. கழற்றும் முன் பெயின்டால் கோடு போடச் சொல்வது இதற்காகத்தான்.

கோணத்தைச் சமதளத்தில், சக்கரங்கள் தரையில் நிற்க, வழக்கமான சுமையோடு அளக்க வேண்டும். ஜாக்கில் தொங்கும் ஆக்ஸிலை அளந்தால் எல்லாம் பொய். ட்ரான்ஸ்ஃபர் கேஸின் (சுழற்சியை முன்னுக்கும் பின்னுக்கும் பிரிக்கும் பெட்டி) ஃபிளாஞ்ச், அதாவது ஷாஃப்ட் பூட்டும் தட்டு, ஷாஃப்ட் குழாய், டிஃபரன்ஷியலுக்குள் போகும் பினியனின் ஃபிளாஞ்ச் மூன்றையும் அளந்து எழுதுங்கள். ஃபிளாஞ்ச் இரண்டும் 3 டிகிரி, குழாய் 9 டிகிரி சாய்ந்திருந்தால் ஒவ்வொரு ஜாய்ன்டும் 6 டிகிரி மடங்குகிறது, சமம்தான். பினியன் 7 டிகிரிக்குத் திரும்பியிருந்தால் மேலே 6, கீழே 2. ரீங்காரத்துக்குக் காரணம் அது. வித்தியாசம் ஒரு டிகிரிக்குள் இருக்க வேண்டும். சமமாக இருந்தாலும் கோணம் பெரிதாகும்போது நடுவில் உள்ள குழாய் விரைந்து தயங்குவது நிற்பதில்லை. ஆகவே கோணம் சிறிதாக இருப்பதே நல்லது. முழுக்கச் சுழியமும் கூடாது, ஊசி பேரிங் உருளாமல் ஒரே இடத்தில் குழி விழும்.

ட்ரான்ஸ்ஃபர் கேஸ் பக்கம் இரட்டை ஜாய்ன்ட் கொண்ட ஷாஃப்டுக்கு இந்த விதி பொருந்தாது. அங்கே இரட்டை ஜாய்ன்ட் தன்னைத்தானே சமன் செய்துகொள்ளும். பினியன் ஷாஃப்டை நேராகப் பார்க்க வேண்டும். இலை ஸ்பிரிங் வண்டியில் இழுக்கும்போது பினியன் மேலே எழும் என்பதால் நிற்கும்போது 1, 2 டிகிரி தாழ்வாக வைப்பார்கள். ஷாஃப்டை இரட்டை ஜாய்ன்டுக்கு மாற்றிவிட்டு பினியனைப் பழைய கோணத்திலேயே விடுவதுதான் இந்த வேலையில் அடிக்கடி நடக்கும் தவறு.

திருத்தம்: இலை ஸ்பிரிங்கென்றால் ஸ்பிரிங்குக்கும் ஆக்ஸிலுக்கும் நடுவே ஆப்புத் தகடு. அலுமினியத் தகடு அடி வாங்கி விரிசல் விடும், இரும்பில் வாங்குங்கள். காயில் ஸ்பிரிங்கென்றால் ஆக்ஸிலை வண்டியோடு இணைக்கும், நீளம் மாற்றக்கூடிய கண்ட்ரோல் ஆர்ம். முன் ஆக்ஸிலில் பினியனை உயர்த்தினால் காஸ்டர் (சக்கரம் திரும்பும் அச்சின் பின்சாய்வு) குறையும், ஸ்டியரிங் நேராக நிற்காமல் அலையும். அங்கே காஸ்டருக்குத்தான் முதலிடம்.

ஜாய்ன்டைச் சோதிக்க அடைக் கட்டை வைத்து, ஹேண்ட் பிரேக் போட்டு, நியூட்ரலில் ஷாஃப்டை இரு கைகளாலும் முறுக்குங்கள். ஜாய்ன்டில் க்ளிக் வரக் கூடாது. மூடிகளைச் சுற்றி செம்மண்போல் துருப்பொடி இருந்தால் உள்ளே கிரீஸ் இல்லை. பினியனின் நடு நட்டை மட்டும் தொடாதீர்கள். பேரிங்கின் முன்னழுத்தம் அதில் இருக்கிறது.

படி 6: முன்னா, பின்னா?

முன் சக்கரத்தில் கையால் பூட்டும் ஹப் இருந்தால் எளிது. டூ-வீலில் (பின் சக்கரம் மட்டும் இழுக்கும் நிலையில்) ஹப்பைத் திறந்து ஓட்டினால் முன் ஷாஃப்ட் சுற்றாது. அதிர்வு போய்விட்டால் அங்கேதான் பிரச்சினை. ஹப் வசதி இல்லாத வண்டியில் முன் ஷாஃப்டைக் கழற்றிவிட்டு ஓட்டிப் பாருங்கள். பின் ஷாஃப்டைக் கழற்றி, ஃபோர்-ஹையில் (நான்கு சக்கர இழுப்பின் வேகமான நிலையில்) முன் சக்கரத்தால் மட்டும் ஓட்டும் சோதனையும் உண்டு. நிரந்தர ஃபோர்-வீல் வண்டியில் சென்டர் டிஃபரன்ஷியலைப் பூட்ட வேண்டும். ஷாஃப்டின் முனை ட்ரான்ஸ்ஃபர் கேஸுக்குள் வழுக்கிச் செருகும் வகையென்றால் இதைச் செய்யாதீர்கள், எண்ணெய் முழுதும் ஒழுகிவிடும். ஷாஃப்ட் ஒன்று வெளியே இருக்கும்போது ஆட்டோமேட்டிக்கின் ‘பி’ நிலை வண்டியைப் பிடித்து நிறுத்தும் என்று நம்ப முடியாது. அடைக் கட்டையில்லாமல் அடியில் போகாதீர்கள்.

இது வேறு வியாதி

பள்ளத்தில் ஏறி இறங்கியதும் முன்பக்கம் முழுதும் வெறிபிடித்ததுபோல் ஆடி, வேகத்தை நன்றாகக் குறைத்தால்தான் நின்றால், அது மேலே சொன்ன அதிர்வு அல்ல. இரு முன் சக்கரங்களையும் ஒரே திடமான ஆக்ஸில் இணைக்கும் வண்டிகளில் வரும் டெத் வாபிள். டயர் அதைத் தூண்டிவிடலாம். தொடர விடுவது தளர்ந்த இணைப்பு. இன்ஜினை ஓடவிட்டு, உதவியாளர் ஸ்டியரிங்கை இடமும் வலமும் சிறிது சிறிதாக வேகமாக அசைக்க, டிராக் பாரின் (ஆக்ஸில் பக்கவாட்டில் நகராமல் பிடிக்கும் கம்பி) இரு முனைகளையும் பாருங்கள். போல்ட் ஓட்டைக்குள் போல்ட் நகர்ந்தால் ஓட்டை முட்டை வடிவமாகிவிட்டது. பிறகு டை ராடு முனைகள், பால் ஜாய்ன்ட். ரப்பர் புஷ் மாற்றினால், வண்டி சக்கரத்தில் நிற்கும்போதுதான் போல்டை முழுதும் இறுக்க வேண்டும். ஜாக்கில் தொங்கும்போது இறுக்கிய ரப்பர் முறுக்கிக்கொண்டே இருந்து சீக்கிரம் கிழியும்.

எதைச் சரிசெய்தாலும் ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றி, படி 2-இல் எழுதிய அதே சாலையில், அதே வேகங்களில் ஓட்டிப் பாருங்கள். வீல் நட்டையும் ஸ்பேசர் நட்டையும் 50 கி.மீ. கழித்தும், ஆப்பு வைத்த யூ-போல்டுகளை 100 கி.மீ. கழித்தும் ஒருமுறை திரும்ப இறுக்குங்கள்.