கனவுப் படம் பார்ப்பது எப்படி: விடையை விடுங்கள், ஒட்டைத் தேடுங்கள்

முதல் வேலை, யூடியூபில் கிளைமாக்ஸ் விளக்க வீடியோ எதையும் திறக்காதீர்கள். எது கனவு, எது நிஜம் என்று விடை தேடியே நான் நல்ல படங்கள் பலவற்றைக் கோட்டை விட்டிருக்கிறேன். கனவைக் காட்டத் திரையிடம் தனிச் சரக்கு கிடையாது. நிஜத்துக்கும் அதே வெளிச்சம், அதே கட்தான். இரண்டும் சேருகிற ஒட்டு மட்டும் படத்துக்குப் படம் மாறும். அதைப் பிடிக்கப் பழக மூன்று படம் போதும். கதை கொஞ்சம் வெளியே வரும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

படி 1: ஒட்டு வெளியே தெரிகிற படத்தில் ஆரம்பியுங்கள்

பஸ்டர் கீட்டனின் 'ஷெர்லாக் ஜூனியர்', 1924, ஊமைப்படம், முக்கால் மணி நேரம்தான். தியேட்டர் ஆபரேட்டராக வரும் கீட்டன் புரொஜெக்டர் பக்கத்திலேயே தூங்கிப்போவார். அவர் உடம்பிலிருந்து நிழல் மாதிரி இன்னொருவர் எழுந்து, தொப்பியை மாட்டிக்கொண்டு, கீழே இறங்கிப் போய்த் திரைக்குள் ஏறிவிடுவார். இங்கே பாஸ் பண்ணிப் பண்ணிப் பாருங்கள். தோட்டத்து பெஞ்சில் உட்காரப் போவார், கட், பெஞ்சைக் காணோம், நடுத்தெருவில் பொத்தென்று விழுவார். கடல் நடுவே பாறையிலிருந்து தலைகீழாகப் பாய்வார், கட், தலை பனியில் குத்தி நிற்கும். இடம் மாறுகிறது, உடம்பு மட்டும் அந்த அசைவை விடாமல் தொடர்கிறது. நம் கனவிலும் இதேதான்: பள்ளிக்கூடத்தில் படி ஏறினால் மாமா வீட்டு மாடி வரும், யாரும் ஏன் என்று கேட்பதில்லை. இதற்காக கீட்டன் நின்ற இடத்தை ஷாட்டுக்கு ஷாட் அளந்து வைத்துக்கொண்டு எடுத்தார்கள். அந்தக் காலத்தில் கம்ப்யூட்டரா இருந்தது?

படி 2: ஒளித்து வைத்த ஒட்டு

டேவிட் லிஞ்சின் 'மல்ஹாலண்ட் டிரைவ்' (2001). ஹெட்போன் கட்டாயம். ஆரம்பத்தில், பெயர் போடுவதற்கு முன்னாலேயே, கனமான மூச்சுச் சத்தத்தோடு கேமரா ஒரு தலையணைக்குள் இறங்கும். சில நொடிதான், அவ்வளவுதான் துப்பு. தவறவிட்டால் அதற்கப்புறம் கிட்டத்தட்ட இரண்டு மணி நேரம் யாருடைய தூக்கத்துக்குள் இருக்கிறோம் என்றே தெரியாது. முதல் தடவை எனக்கும் தெரியவில்லை, வெட்கமில்லாமல் சொல்கிறேன்.

படி 3: ஒட்டே போடாத படம்

லிஜோ ஜோஸ் பெல்லிசேரியின் 'நண்பகல் நேரத்து மயக்கம்', தியேட்டருக்கு வந்தது 2023 ஜனவரியில். வேளாங்கண்ணி போய்விட்டுக் கேரளா திரும்பும் பஸ்ஸில் எல்லோரும் தூங்க, ஜேம்ஸாக வரும் மம்மூட்டி கண்விழித்து, பஸ்ஸை நிறுத்தச் சொல்லி இறங்கி, முன்பின் தெரியாத தமிழ்க் கிராமத்து வீட்டுக்குள் நுழைந்து, கைலி கட்டிக்கொண்டு, மாட்டுக்குத் தீனி வைத்து, காணாமல் போன சுந்தரமாகத் தமிழில் பேச ஆரம்பித்துவிடுவார். மங்கலும் கிடையாது, புகையும் கிடையாது. கேமரா பெரும்பாலும் ஆணி அடித்த மாதிரி நிற்கும்.

அப்படியானால் ஒட்டு எங்கே? காதைத் தீட்டுங்கள். எங்கோ ஒரு டிவியில் பழைய தமிழ்ப் பட வசனமும் பாட்டும் ஓடிக்கொண்டே இருக்கும். சுந்தரத்தின் கண் தெரியாத தாய்க்கு வந்தவன் மகன்தான். அவளுக்குக் குரல் போதும். லாட்ஜ் காட்சியில் குறள் வரும்:

உறங்கு வதுபோலுஞ் சாக்காடு உறங்கி
விழிப்பது போலும் பிறப்பு.

பள்ளியில் இரண்டு மார்க்குக்கு மனப்பாடம் செய்ததுதான். இங்கே அது கதையாகவே நடக்கிறது: மதியத் தூக்கத்தில் சுந்தரமானவர், மறுநாள் இன்னொரு மதியத் தூக்கத்திலிருந்து ஜேம்ஸாக எழுவார்.

படி 4: நோட்டு

மறுநாள் மூன்றில் ஒன்றைத் திரும்பப் போடுங்கள். யார் எப்போது கண் மூடுகிறார், அந்த நொடியில் என்ன சத்தம், விழித்ததும் எந்தப் பொருள் மாறியிருக்கிறது, இந்த மூன்றை மட்டும் குறியுங்கள். சாப்பிட்ட கையோடு மதியத்தில் உட்காராதீர்கள். மூன்றாவது படத்தை நான் அப்படித்தான் பார்த்தேன். விழித்தபோது சுந்தரம் வீட்டு டிவியா, பக்கத்து வீட்டு டிவியா என்று புரிய ஒரு நிமிஷம் ஆயிற்று.