தோமுஸ் அவுரியா: நீரோவின் மாளிகைக்குள் இறங்குமுன் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ரோமில் கொலோசியத்துக்கு எதிரே, ஒப்பியோ குன்றின் பூங்காவுக்கு அடியில் இருக்கிறது தோமுஸ் அவுரியா. கி.பி. 64-இல் நகரை எரித்த பெருந்தீக்குப் பிறகு பேரரசன் நீரோ கட்டிய பொன் மாளிகை இது. பார்க்கப் போகிறவர்களில் பலர் வாசலை எட்டுமுன்பே ஒரு தவறு செய்துவிடுகிறார்கள். கொலோசிய டிக்கெட்டே இதற்கும் போதும் என்று நினைத்துக்கொள்கிறார்கள். போதாது. இரண்டையும் ஒரே நிர்வாகம்தான் கவனிக்கிறது, ஆனால் டிக்கெட் தனித்தனி. கொலோசியத்தின் ‘நிலத்தடிப் பகுதி’ டிக்கெட்டை வாங்கிவிட்டு இங்கே வந்து நிற்பதும் நடக்கிறது. அது அரங்கின் தரைக்குக் கீழே விலங்குகளை அடைத்து வைத்த இடம், இது மாளிகை.

வாரத்தின் எல்லா நாளும் திறந்திருக்காது. மூடியிருக்கும் நாட்களில் உள்ளே பராமரிப்பு வேலை நடக்கும். ஆகவே முதலில் திறக்கும் நாளைப் பார்த்து, மற்ற இடங்களை அதைச் சுற்றி அமைத்துக்கொள்ளுங்கள். வழிகாட்டியோடு குழுவாகத்தான் அனுப்புவார்கள். மொழியையும் நேரத்தையும் முன்பதிவின்போதே தேர்ந்தெடுக்க வேண்டும். வாசல் பூங்காவுக்குள் இருப்பதால், மெட்ரோவில் இறங்கியதும் கண்ணில் படாது. கால் மணி நேரமாவது முன்னதாகப் போய்ச் சேருங்கள்.

அடுத்தது உடை. ஜூலை, ஆகஸ்டில் வெளியே 30 டிகிரிக்கு மேல் வெயில் காயும். உள்ளே 10 முதல் 12 டிகிரிதான். காற்றில் ஈரமும் மிக அதிகம். வேர்வையோடு மெல்லிய பருத்திச் சட்டையில் இறங்கினால் இருபது நிமிடத்தில் உடம்பு நடுங்கத் தொடங்கும், அப்புறம் எந்த ஓவியத்திலும் மனம் நிற்காது. பையில் ஒரு ஸ்வெட்டர், காலில் வழுக்காத மூடிய காலணி, இவை கட்டாயம். தரும் ஹெல்மெட்டைக் கழற்றிப் படம் எடுத்துக்கொள்ளாதீர்கள். 2010 மார்ச்சில், பிற்காலப் பேரரசன் டிராஜன் இந்த மாளிகையின் மேலே கட்டிய குளியல்கூடத்தின் சுரங்கம் ஒன்றின் கூரை இடிந்து விழுந்தது. பூங்கா மண் மழையில் ஊறிக் கனக்கிறது, மர வேர்கள் கூரையைத் துளைக்கின்றன. ஆபத்து உண்மையானது.

இவற்றையெல்லாம் சரியாகச் செய்துவிட்டும் பலர் இந்த இடத்தைத் தவறாகவே பார்த்துவிட்டு வருகிறார்கள். இது நிலத்தடியில் கட்டியது என்று நினைப்பதுதான் காரணம். இந்த அறைகள் வெயிலுக்காகக் கட்டப்பட்டவை. தெற்கே பள்ளத்தாக்கை நோக்கித் திறந்திருந்தவை. அந்தப் பள்ளத்தில் நீரோ வெட்டிய செயற்கை ஏரி இருந்தது. அதை வற்றவைத்து, அதே இடத்தில் பின்வந்த பேரரசன் வெஸ்பாசியன் கொலோசியத்தைத் தொடங்கினான். கி.பி. 68-இல் நீரோ இறந்த பிறகு பளிங்கு எல்லாம் உரிக்கப்பட்டது. பிறகு டிராஜன், 109-இல் திறந்துவைத்த தன் குளியல்கூடத்துக்கு அடித்தளமாக்க, இந்த அறைகளை மண்ணால் நிரப்பினான். மண் நிரம்பியதால்தான் ஓவியங்கள் தப்பின.

இது தெரிந்தால் சுவர்களைப் படிக்கலாம். எந்தப் பூச்சும் இல்லாமல் நீளமாக ஓடி, அறைகளின் முகத்தை மறித்து நிற்கும் செங்கல் சுவர்கள் டிராஜனுடையவை. அவற்றை ‘நீரோவின் இருட்டுத் தாழ்வாரம்’ என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். நீரோவின் சுவர்களில் மேலே ஓவியப் பூச்சு மிஞ்சியிருக்கும். கீழே பளிங்குப் பலகை ஒட்டியிருந்த சாந்து வெறுமையாகத் தெரியும். கண்மட்டத்தில் தேடினால் ஏமாற்றம்தான். தலையை நிமிர்த்தி, பத்து மீட்டருக்கும் மேலே வளைந்திருக்கும் கூரையைப் பாருங்கள். 1480 வாக்கில் கூரைத் துளைகள் வழியே இறங்கிய ஓவியர்கள் மண்மேட்டின் மேல் தவழ்ந்து, கைக்கெட்டும் தூரத்தில் இவற்றைப் பார்த்து வரைந்தார்கள். ரபேலும் அவர்களுக்குப் பின் வந்தார். வத்திக்கான் அரண்மனையின் லோஜியாவில் (வளைவுகள் கொண்ட தாழ்வாரத்தில்) அவருடைய குழு வரைந்த அலங்காரங்கள் இங்கிருந்து கிளைத்தவைதான். அந்தக் காலத்தில் வந்தவர்கள் கீறிய பெயர்களும் கூரையில் உண்டு.

எண்கோண மண்டபத்தில் இன்னொரு தவறு. பண்டைய ரோம எழுத்தாளர் ஸ்வெட்டோனியஸ் நீரோவின் மாளிகையில் இருந்ததாகக் குறிப்பிடும் சுழலும் விருந்துக் கூடம் இதுதான் என்று பலர் உறுதியாகச் சொல்வார்கள். அது முடிவான செய்தி இல்லை. 2009-இல் பாலட்டீன் குன்றில் தோண்டியெடுத்த வட்டக் கட்டுமானமும் அந்தக் கூடமாக இருக்கலாம் என்ற வாதம் வலுவானது. மண்டபம் எப்படியும் அற்புதம்: நடுவில் தூணே இல்லை, உச்சியில் வட்டத் திறப்பு, ஒளி அதன் வழியே இறங்கிச் சுற்றியுள்ள அறைகளுக்கும் பரவுகிறது. நடுவில் நின்று அந்த ஒளியைக் கவனியுங்கள்.

உங்கள் டிக்கெட்டில் கண்ணில் மாட்டிப் பார்க்கும் மெய்நிகர் (VR) கண்ணாடிக் காட்சி சேர்ந்திருந்தால், குழந்தைகள் விளையாட்டு என்று ஒதுக்கிவிடாதீர்கள். மண் மூடுவதற்கு முன் அறை எந்தப் பக்கம் திறந்திருந்தது, வெயில் எப்படி விழுந்தது என்பது அதில்தான் நன்றாகப் புரிகிறது. பாம்புகளிடம் சிக்கித் தவிக்கும் தந்தையையும் மகன்களையும் காட்டும் புகழ்பெற்ற லாவோகோன் சிலையை உள்ளே தேடாதீர்கள். 1506-இல் இதே குன்றில் கிடைத்தது, இப்போது வத்திக்கான் அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

சுவரைத் தொடுவதும் ஃப்ளாஷ் அடிப்பதும் வேண்டாம். கசியும் நீரில் கரைந்த உப்பு சுவரின் மேல்பரப்பில் படிந்து, ஏற்கெனவே வண்ணப் பூச்சை உரித்துக்கொண்டிருக்கிறது. விரல் பட்டாலே செதில் உதிரும்.

வெளியே வந்ததும் நேரே மெட்ரோவுக்கு ஓடாமல் பூங்காவின் மேல்பகுதிக்கு ஏறுங்கள். டிராஜன் குளியல்கூடத்தின் அரைவட்டச் சுவர்கள் அங்கே இன்னும் நிற்கின்றன. கீழே பார்த்த பூச்சில்லாத சுவர்கள் தாங்கியது இந்தக் கட்டடத்தைத்தான்.